உப்பும் உள்ளானும் முறைவைத்த நிலம்

வேதாரண்யத்துக்கு விடுமுறையில் வருகிறவர்கள் கோயிலைப் பார்த்து முடித்ததும் அடுத்துக் கேட்பது, மான் எங்கே தென்படும், பூநாரை எங்கே இறங்கும் என்பதுதான். தெற்கே கோடியக்கரைக்குப் போகச் சொல்வார்கள். அந்தச் சாலையில் முதலில் அகஸ்தியம்பள்ளி உப்பளங்கள் வரும், பிறகு கோடியக்காடு, அதைத் தாண்டிப் புல்வெளி, அப்புறம் கடல். சோழமண்டலக் கரை தெற்கு நோக்கி வந்து சட்டென்று மேற்கே திரும்பும் முனை இது. மனிதக் கை படாத இயற்கை என்று இதை வருணிப்பது வழக்கமாகிவிட்டது. ‘பொன்னியின் செல்வன்’ படித்து வளர்ந்தவர்களுக்கும் கோடியக்கரை என்றால் புதைசேறும் இருண்ட காடும்தான் மனதில் நிற்கும். ஆனால் அதே நாவலில் கலங்கரை விளக்கத்தைக் காக்கும் குடும்பம் இருக்கிறது, படகோட்டும் பூங்குழலி இருக்கிறாள், கோயிலில் பூசை நடக்கிறது. கோடியக்கரையில் காட்டுயிர்கள் கண்ணில் படும் ஒவ்வோர் இடமும் மனிதர் நெடுங்காலம் புழங்கிய இடம். அந்தப் புழக்கத்தின் வரலாற்றைக் கணக்கில் எடுக்காமல் அந்த உயிர்களைக் காப்பாற்ற முடியாது என்பதே என் வாதம்.

முதலில் காடு. சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன் இங்குள்ள கோடிக்குழகர் கோயிலுக்கு வந்த சுந்தரரின் பதிகத்தை ஒரு களக்குறிப்பாகவும் படிக்கலாம். கடற்காற்று வந்து அறையும் கரையில், அக்கம்பக்கத்தில் குடியிருப்பு இல்லாமல், மரப்பொந்துகளில் ஆந்தையும் கூகையும் குழறும் காட்டில் இறைவன் ஏன் இப்படித் தனியே இருக்கிறான் என்று அவர் மனம் வருந்துகிறார். அங்கே திரிகிற வேடரைத் தீயவர் என்றும் சொல்கிறார். ஆளில்லாக் காட்டுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று கேட்கலாம். எனக்கு இது வேறு விதமாகப் படுகிறது. கோயில் இருந்திருக்கிறது, அதைத் தேடி வருபவர் இருந்திருக்கிறார், வேட்டையாடுபவர்களும் இருந்திருக்கிறார்கள். இத்தனைக்கும் நடுவில் ஆந்தை அடையும் அளவுக்கு முதிர்ந்த மரங்களும் நின்றிருக்கின்றன. பாலை மரங்கள் செறிந்த இந்த உலர் பசுமைமாறாக் காடு ஒரு காலத்தில் சோழமண்டலக் கரை நெடுகப் பரவியிருந்தது. இன்று அது பெரும்பாலும் கோயில் காடுகளாகத்தான் துண்டு துண்டாக எஞ்சியிருக்கிறது. கோடியக்காட்டின் நடுவே மேட்டில் ராமர் பாதம் இருப்பதும், பக்கத்து ஊரான வேதாரண்யத்துக்குத் திருமறைக்காடு என்ற பெயர் நிலைத்ததும் அந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டியவை. கோடாரியைத் தடுத்தது நம்பிக்கை மட்டுமே என்று நான் சொல்ல வரவில்லை. உவர் மண்ணும் மணல்மேடும் உழவுக்கு உதவாமல் போனதும் ஒரு காரணம். ஆனால் நம்பிக்கை இல்லாத இடங்களில் அதே மணல்மேட்டுக் காடுகள் விறகாகிப் போனதைக் கரை முழுவதும் காண்கிறோம்.

சதுப்பின் வரலாறு இன்னும் தெளிவானது. கோடை முற்றும்போது வேதாரண்யம் சதுப்பில் கடல்நீர் வற்றி உப்பு தானாகவே படியும். அதை அள்ளுவதையும் குற்றமாக்கியது ஆங்கிலேய அரசு. 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்த தொண்டர்கள் இங்கே சட்டத்தை மீறி உப்பு அள்ளியது நாடறிந்த செய்தி. அதே சதுப்பு, வடக்கேயிருந்து வலசை வரும் பல்லாயிரம் கரைப்பறவைகளின் குளிர்கால இருப்பிடமும்கூட என்பதை அந்த வரலாற்றோடு சேர்த்து யாரும் சொல்வதில்லை. உப்பும் பறவையும் ஒரே பருவச் சுழற்சியில் பிணைந்தவை. ஐப்பசியில் வடகிழக்கு மழை தொடங்கியதும் உப்பள வேலை நின்றுவிடும். பாத்திகளில் மழைநீர் கலந்து உவர்ப்பு தணியும், புழுவும் இறாலும் பெருகும். கொசு உள்ளானும் பவளக்காலியும் பூநாரையும் கூடுவது அந்த நாட்களில்தான். தை, மாசியில் வெயில் ஏற ஏறப் பாத்திகளைச் சீராக்கி மறுபடி நீர் கட்டுவார்கள். நீர் சுண்டும்போது ஓரத்தில் முதலில் ஒரு வெள்ளைக் கோடு படியும். பிறகு மேற்பரப்பில் பாலாடை போல மெல்லிய படலம் மிதக்கும். அது கனத்து அடியில் இறங்கியதும் பலகையால் வாரி வரப்பில் குவிப்பார்கள். அறுவடை சூடுபிடிக்கும் வேளையில் பறவைகள் வடக்கே கிளம்பிவிடும். கால்வாய்த் தண்ணீரை உழவர்கள் முறைவைத்துப் பாய்ச்சிக்கொள்வதைப் போல, ஒரே நிலத்தை உப்புக்காரரும் உள்ளானும் முறைவைத்து ஆண்டிருக்கிறார்கள்.

இதை மறுப்பவர்கள் சதுப்பின் மேற்குப் பகுதியில் பரந்துகிடக்கும் பெரிய ஆலைகளின் உப்பளங்களைக் காட்டுவார்கள். உப்புத் தொழில் பறவைக்குத் துணை என்றால் அங்கே ஏன் இத்தனை கவலை? நியாயமான கேள்விதான். நீரின் உவர்ப்பு ஓரளவு கூடினால் மீன் மடியும். மேலும் கூடினால் உவர்நீர் இறால் மட்டும் மிஞ்சும். அதற்கும் மேலே போனால் அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து நீரை அரிக்கும் பூநாரைக்கு ஒன்றும் கிடைக்காது. உயர்ந்த கரை எழுப்பி, இயந்திரத்தால் நீரேற்றி, ஆண்டு முழுவதும் கெட்டியான உவர்நீரைத் தேக்கிவைக்கும் முறையில் மழைக்கால ஓய்வு என்பதே கிடையாது. ஆகவே இந்த மறுப்பு என் வாதத்தைத் தளர்த்தவில்லை, இன்னும் கூர்மையாக்குகிறது. உப்பு விளைவிப்பதா வேண்டாமா என்பதைவிட எந்த அளவில், எந்தப் பருவத்தில் என்பதே தீர்மானிக்கிற கேள்வி.

புல்வெளிதான் எல்லாவற்றிலும் சிக்கலானது. முறுக்கிய கொம்பும் கரிய முதுகுமாக ஆண் வெளிமான் நிற்க, பெண்மான்கள் சற்றுத் தள்ளி மேயும் காட்சிக்காகவே பலர் வருகிறார்கள். தூரத்தில் வரும் ஆபத்தைக் கண்ணால் கண்டு ஓடித் தப்பும் விலங்கு இது. திறந்த வெளியும் குட்டைப் புல்லும் இல்லாமல் அதற்கு வாழ்வில்லை. புயலோடு ஏறும் கடல்நீரும் உவரும் மரங்களைத் தடுத்து வைத்ததால்தான் புல்வெளி வந்தது, மனிதருக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். பாதி உண்மை. மீதிப் பாதி நம் காலத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. விறகுக்காகக் கொண்டுவந்த சீமைக்கருவேலம் அதே உவரில், அதே புயலில் தழைத்துப் புல்வெளியை மூடுகிறது. அதன் இனிப்பு நெற்றைத் தின்னும் மாடும், வீடுகளிலிருந்து அவிழ்த்துவிடப்பட்டுக் காட்டில் பெருகிய மட்டக் குதிரைகளும் சாணத்தோடு விதையைப் போகிற இடமெல்லாம் போட்டுவிடுகின்றன. குதிரைகள் மானின் புல்லையும் பங்குபோடுகின்றன. இயற்கை தானே சரிசெய்துகொள்ளும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றால், சில பத்தாண்டுகளில் வெளிமானுக்கு வெளியே இருக்காது. மரக்கன்றை வேரோடு பிடுங்க ஆள் வேண்டும், ஆண்டுதோறும் வேண்டும்.

அப்படியானால் சரணாலயம் எதற்கு, மக்களிடமே விட்டிருக்கலாமே என்பது எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் கேள்வி. அதையும் என்னால் ஏற்க முடியவில்லை. இந்தியாவெங்கும் மந்தை மந்தையாகத் திரிந்த வெளிமானைத் துப்பாக்கி துடைத்தெடுத்துக்கொண்டிருந்த காலத்தில், 1967இல், கோடியக்கரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது; 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொண்டது. அந்தக் காவல் இல்லாதிருந்தால் இன்று பேச மானே இருந்திருக்காது. 2002இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது சதுப்புக்கும் ஓர் அரண். ஆனால் காவலின் உள்ளேயும் மனிதத் திறமைக்கு இடமிருந்ததை மறக்கக் கூடாது. சாலிம் அலியின் வழிகாட்டுதலில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இங்கே வலசைப் பறவைகளைப் பிடித்துக் காலில் எண் பொறித்த வளையம் மாட்டியபோது, இறகு சேதப்படாமல் பிடித்துத் தந்தவர்கள் பிகாரின் மீர்ஷிகார்கள். தலைமுறை தலைமுறையாகப் பறவை பிடித்து விற்றுப் பிழைத்தவர்கள் அவர்கள். சுந்தரர் பொல்லாதவர் என்று ஒதுக்கிய தொழிலின் கைத்திறன், பறவையின் பயண வழியை அறிய உதவியிருக்கிறது.

2004இன் ஆழிப்பேரலை பழைய சோழர் கலங்கரை விளக்கத்தின் எச்சத்தையும் அடித்துக்கொண்டு போனது. 2018 நவம்பரில் கஜா புயல் கோடியக்காட்டின் மரங்களைச் சாய்த்து, மான்களையும் பலிகொண்டது. இனி வரும் புயல்களுக்குப் பிறகு எதை நடுவது, எதைப் பிடுங்குவது, எந்த வரப்பை உடைத்துக் கடல்நீரை உள்ளே விடுவது என்று முடிவெடுக்கும் கூட்டங்களில் வனத்துறையோடு அகஸ்தியம்பள்ளியின் சிறு உப்பளக்காரர்களுக்கும் கோடியக்காட்டில் மாடு மேய்ப்பவர்களுக்கும் இடம் வேண்டும். எந்த மாதம் எந்தப் பாத்தியில் எவ்வளவு நீர் நிற்கும், எந்தப் பக்கம் கருவேலம் முதலில் ஏறியது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.