வானொலி விமானமும் மின்கலச் செலவும்

பெரும்பொறிகளின் வரலாற்றை ஆராய்வோர் பலர்; சிறுபொறிகளின் வரலாற்றைக் கருதுவோர் மிகச் சிலரே. ஆயினும் விளையாட்டுக் கருவி எனப் புறக்கணிக்கப்படும் பொறியும் ஒரு காலத்தின் அறிவு வளர்ச்சியைத் தெளிவாகக் காட்டவல்லது. வானொலி அலையால் ஆளப்படும் மாதிரி விமானம் அத்தகையது. நிலத்தில் நிற்பவன் கையிலுள்ள செலுத்தி அவன் கட்டளையை அலையாக்கி விடுக்கின்றது. விமானத்திலுள்ள வாங்கி அதனை ஏற்றுச் சுக்கானைத் திருப்புகின்றது. செலுத்தியின் மின்கலம் வறண்டுவிடின் கட்டளை நின்றுபோகும். விமானம் சிதைவதோடு கீழே நிற்போர்க்கும் ஊறு நேரலாம். ஆகவே மின்கலச் செலவு இக்கலையில் உயிர்நிலையான பிரச்சினையாகும்.

1898ஆம் ஆண்டில் நிக்கொலா ரெஸ்லா நியூயோர்க் நகரில் வானொலியால் இயங்கும் சிறு படகு ஒன்றை மக்கள் முன் செலுத்திக் காட்டினார். நீரில் மிதப்பதற்குப் பாரம் பெருந்தடையன்று; வானிற் பறப்பதற்கோ அதுவே முதற்பகை. 1937ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலமசூ நகரில் வால்ற்றர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டைச் சகோதரர் இத்தடையை வென்று, ‘கவ்’ எனப் பெயரிட்ட தம் மாதிரி விமானத்தை வானொலியால் ஆண்டனர். கருவியையும் மின்கலங்களையும் சுமக்கவேண்டியிருந்தமையால் அக்கால விமானங்கள் பெரியனவாயிருந்தன. ‘கவ்’ 1960இல் சிமித்சோனியன் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

அக்காலச் செலுத்திகள் ‘வால்வு’ என வழங்கிய வெற்றிடக்குழாய்களால் ஆனவை. வால்வுக்கு இருவகை மின் வேண்டும்: இழையைச் சூடாக்கத் தாழ்ந்த அழுத்தமும், அலையை எழுப்ப உயர்ந்த அழுத்தமும். பலரும் கையாண்ட 3ஏ5 வால்வின் இழை 1.4 வோல்ற்றில் 220 மில்லியம்பியரை உண்டது. ஒரு கட்டளையேனும் செல்லுமுன் ஏறத்தாழ 0.3 வாற்று வெப்பமாயிற்று. உயர்ந்த அழுத்தமாகிய 135 வோல்ற்றைப் பெற 1.5 வோல்ற்றுக் கலங்கள் 90 அடுக்கப்படல் வேண்டும். அதிலிருந்து 20 மில்லியம்பியர் எடுப்பின் மேலும் 2.7 வாற்று செலவாகும். எனவே எளிய அமைப்புகளில், கட்டளை இடும் கணத்தில் மட்டும் பொத்தானை அழுத்தி அலையை விடுத்தனர். மௌனமே அன்றைய சிக்கனம்.

1947ஆம் ஆண்டில் பெல் ஆய்வுகூடத்தில் திரான்சிற்றர் தோன்றியது. அதற்குச் சூடாக்கவேண்டிய இழையுமில்லை. உயர்ந்த அழுத்தமும் வேண்டியதில்லை. ஆயினும் சேமிப்பு முழுவதும் நிலைத்ததன்று. 1960களில் பரவிய புதிய முறையில், கைப்பிடி அசையும் அளவிற்கேற்பச் சுக்கானும் அசைந்தது. அதன்பொருட்டுச் செலுத்தி ஒவ்வொரு வினாடியும் பலமுறை கைப்பிடியின் நிலையை அறிவித்தல் வேண்டும். பழைய மௌனம் ஒழிந்தது. இடையறாத அலைவீச்சு வந்தது.

இத்தேவையை நிறைவேற்றியது மீள மின்னேற்றத்தகும் நிக்கல்–கட்மியக் கலம். எட்டுக் கலங்கள் சேர்ந்து 9.6 வோல்ற்றைத் தரும். 500 மில்லியம்பியர்–மணி கொள்ளளவுடைய அடுக்கிலிருந்து 200 மில்லியம்பியர் எடுப்பின், கணக்கின்படி இரண்டரை மணித்தியாலம் நிற்கும். ஆனால் அக்கலத்தின் அழுத்தம் நெடுநேரம் ஏறத்தாழ மாறாதிருந்து, இறுதியில் விரைந்து வீழ்வது. அளவுமானியை மட்டும் நம்பினோர் இதனாலேயே ஏமாந்தனர். கலம் மூத்துக் கொள்ளளவு குறையுங்கால் ஆபத்து மேலும் பெருகும்.

இருபத்தோராம் நூற்றாண்டில் 2.4 கிகாஹேட்சு அலைக்குரிய செலுத்திகளும், நிக்கல்–உலோக ஐதரைட்டு, இலிதியம் கலங்களும் பழையவற்றின் இடத்தைப் பெற்றன. அலைக்கான செலவு குறைந்தது. ஒளிர்திரையும் நுண்கணிப்பொறியும் தமக்கெனப் பங்கு கேட்டன.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? சிக்கனம் பெரிய மின்கலத்தால் மட்டும் வந்ததன்று. கட்டளைக்குப் பயன்படாத செலவை அறிந்து நீக்கியதனால் வந்தது. ஆயினும் மிஞ்சியதைப் புதிய தேவைகள் உடனே பற்றிக்கொண்டன. ஆதலின் பறக்கவிடுமுன் மின்கலத்தைச் சோதித்தறியும் கடமை குட் சகோதரர் காலத்திற்போலவே இன்றும் மனிதனுக்கே உரியதாய் நிற்கின்றது.