தனுஷ்கோடியும் உங்க வீட்டு இன்சூரன்ஸும்

1964 டிசம்பர் 22 இரவு. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடியைத் தொடுறதுக்குள்ள, பயணிகளோட சேர்த்து அதைக் கடல் விழுங்கிடுச்சு. புயல் ஓய்ந்ததும், மனிதர் வாழத் தகுதியில்லாத ஊர்னு அரசு அறிவித்தது. வீட்டோடு சேர்ந்து மனையும் போச்சு.

2021-ல் வந்த பாரத் கிருஹ ரக்ஷா வீட்டு பாலிசி, புயலுக்கும் வெள்ளத்துக்கும் கவர் தருது. ஆனா அது திரும்பக் கட்டும் செலவுக்குத்தான், மனைக்கு இல்லை. மனை விலையையும் சேர்த்து எழுதினா, கூடுதல் பிரீமியம் வீண்.

காருக்கு? 1988 மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியது தேர்ட் பார்ட்டியை மட்டும்தான். அது உங்க வண்டியால பாதிக்கப்பட்டவருக்கு. கடல் தண்ணி உங்க காருக்குள்ள புகுந்தா, ஓன் டேமேஜ் கவர் இருந்தாத்தான் காசு.

பாலிசி எடுக்கும்போது, எதுக்குக் கிடைக்காதுன்னு முதல்ல கேளுங்க.