மாதிரிக் கப்பல்கள் காத்த கலை

மரம் நெடுநாள் நிலைக்கும், கயிறு நிலைக்காது. பாய்மரக் கப்பல்களின் சரித்திரத்தை ஆராயப் புகுவோர் முதலில் எதிர்கொள்ளும் இடர் இதுவே. கடலடியில் புதைந்த பழங்கப்பல் ஒன்றை வெளிக்கொணருங்கால் கிடைப்பது பெரும்பாலும் அதன் உடல் மட்டுமே. அதனை ஓட்டிய பாய்களும், அப்பாய்களை ஏற்றி இறக்கித் திருப்பிய எண்ணற்ற கயிறுகளும் மக்கி மறைந்துவிடுகின்றன. அக்கயிறுகள் எங்கே தொடங்கி எங்கே முடிந்தன, எதன் மேல் எது சென்றது, எதனை எங்கே கட்டினர் என்பவற்றை நாம் எவ்வாறு அறிவது? இவ்வினாவுக்கு விடை தரும் சான்றுகளுள் முக்கியமானது, பலரும் விளையாட்டுப் பொருள் என்று கருதக்கூடிய மாதிரிக் கப்பலாகும்.

ஓர் உதாரணத்தைக் கூறினால் இது விளங்கும். ஸ்வீடன் நாட்டு மன்னர் இரண்டாம் கஸ்தாவ் அடால்ஃபின் ஆணைப்படி ஸ்டாக்ஹோம் நகரில் ‘வாசா’ என்னும் போர்க்கப்பல் கட்டப்பட்டது. 1628ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் அது தன் முதற் பயணத்தைத் தொடங்கிற்று. அதற்குரிய பத்துப் பாய்களுள் நான்கே அன்று விரிக்கப்பட்டன. ஏறத்தாழ 1,300 மீட்டர் தூரமே சென்றிருக்கும். அப்போது வீசிய காற்றுக்குத் தாங்காமல் கப்பல் ஒருபுறம் சாய்ந்தது. திறந்திருந்த பீரங்கிச் சாளரங்கள் வழியே நீர் புகுந்தது. கரையில் நின்ற மக்கள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே கப்பல் மூழ்கிற்று. மரத்தைத் துளைத்துண்ணும் கடற்புழு பால்டிக் கடலின் உவர்ப்புக் குறைந்த நீரில் வாழ்வதில்லை. ஆகவே 333 ஆண்டுகள் கழித்து, 1961 ஏப்ரல் 24ஆம் நாள், கப்பலின் உடல் பெரிதும் சிதையாமல் மேலே கொணரப்பட்டது.

அன்று விரிக்கப்படாத ஆறு பாய்கள், மடித்து வைத்த அறையிலேயே கிடைத்தன. சணல் வகை நாராலும் ஆளி நாராலும் நெய்யப்பட்ட அத்துணிகள், தொட்டாலே கலைந்துவிடும் நிலையில் இருந்தன. நீருக்குள் வைத்தே அவற்றை விரிக்க வேண்டியிருந்தது. பின்னர் உலர்த்தி, கண்ணாடி நாராலான துணியின் மேல் பதித்துக் காத்தனர். இனி அவற்றைப் பாய்மரத்தில் ஏற்ற எவராலும் இயலாது. எனவே ஸ்டாக்ஹோமில் 1990ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வாசா பொருட்காட்சிசாலைக்குச் செல்வோர், அக்கப்பல் பாய்விரித்து நின்ற கோலத்தைக் காண வேண்டுமாயின், அதனருகே வைத்துள்ள பத்தில் ஒரு பங்கு அளவிலான மாதிரியையே நோக்க வேண்டும். கிடைத்த கப்பிகளையும் கட்டைகளையும் அக்காலச் சான்றுகளோடு ஒப்பிட்டு, கயிறு கயிறாக ஆராய்ந்து அமைத்த மாதிரி அது. மூலக் கப்பலில் இழந்தது மாதிரியில் மீண்டது.

இவ்வேலை எத்தகையது என்பதைச் சிறிது விளக்குவோம். கப்பற் கயிறுகள் இருவகைப்படும். பாய்மரத்தை அசையாமல் நிறுத்தும் நிலைக்கயிறுகள் ஒருவகை. பாயையும் அது தொங்கும் குறுக்குமரத்தையும் இயக்கும் ஓடுகயிறுகள் மற்றொரு வகை. நிலைக்கயிறுகளுக்கு மழையும் உப்புநீரும் பற்றாதிருக்கக் கீல் பூசுவர். ஆதலால் அவை கருநிறமுடையவை. ஓடுகயிறுகள் கப்பிகளினூடே தடையின்றிச் செல்ல வேண்டியவை. ஆதலால் அவை பெரும்பாலும் வெளிர்நிறத்தன. இரண்டையும் ஒரே நிறத்து நூலால் அமைத்த மாதிரியைக் கண்டால், அதைச் செய்தவர் கப்பலை அறியாதவர் என்று துணிந்து கூறலாம்.

கட்டும் முறைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் பாய்மரத்தை இருபக்கமும் தாங்கும் கயிறுகளை, வலப்புறம் ஓர் இணை, இடப்புறம் ஓர் இணை என்று மாற்றி மாற்றி உச்சியில் மாட்டுவர். ஒரே பக்கத்தில் எல்லாவற்றையும் கட்டிவிட்டால் மரம் அப்பக்கமே சாய்ந்துவிடும். அவற்றின் மேல், மரத்தை முன்புறமாக இழுத்துப் பிடிக்கும் பெருங்கயிற்றை மாட்டுவர். பக்கக் கயிறுகளின் அடியில் மூன்று துளைகளுள்ள வட்டக் கட்டைகளை இணைத்து, அத்துளைகளினூடே சிறுகயிற்றைக் கோத்து இறுக்குவர். மாலுமிகள் ஏறுவதற்குரிய படிக்கயிறுகளைக் குறுக்கே முடிவது அதன் பின்னரே. இவ்வரிசை பெருங்கப்பலுக்கு எவ்வாறோ அவ்வாறே சிறு கப்பலுக்கும். அடியில் கட்ட வேண்டிய ஒரு கயிற்றை மறந்து மேலே சென்றவர், திரும்ப வந்து பல நாள் வேலையை அவிழ்க்க நேரிடும்.

அளவைக் குறைப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. நீளம் பத்தில் ஒன்றாகும்போது பரப்பு நூறில் ஒன்றாகிறது. எடையோ ஆயிரத்தில் ஒன்றாகிவிடுகிறது. வாசாவின் பாய்களின் மொத்தப் பரப்பு 1,275 சதுர மீட்டர். மாதிரியில் அது 13 சதுர மீட்டருக்கும் குறைவு. பெரும்பாய் தன் கனத்தால் தானே தொங்கும். காற்றில் இயல்பாகப் புடைக்கும். சிறுபாயோ விறைத்து நிற்கும். பல மாதிரிகள் 48இல் ஒரு பங்கு அளவில் செய்யப்படுவன. அவ்வளவில் ஐந்து சென்டிமீட்டர் கனமுள்ள கயிறு ஒரு மில்லிமீட்டர் நூலாகிவிடும். இரண்டடி அகலத் துணிகளை ஒட்டித் தைத்த பாயில் ஒவ்வொரு தையலும் அரை அங்குல இடைவெளியில் அமைய வேண்டும். நாம் உடுக்கும் மெல்லிய துணியும் அங்கே கம்பளம் போலத் தோன்றும். இக்காரணத்தால் பாயே இல்லாமல், குறுக்குமரங்களோடும் கயிறுகளோடும் நிறுத்திவிடுவோர் உண்டு. ஆனால் பாயை நீக்கினால், பாயின் மூலைகளைப் பற்றி இழுக்கும் கயிறுகள் யாது காரியத்துக்காக இருக்கின்றன என்பது விளங்காமல் போய்விடும். பாயை வைப்பவரும் வைக்காதவரும் ஒவ்வொன்றை இழக்கவே செய்கின்றனர்.

மாதிரிக் கப்பல் செய்வது பழமையான வழக்கம். கடலினின்று உயிர் தப்பிய மாலுமிகள் நேர்த்திக்கடனாகச் சிறு கப்பல்களைத் தேவாலயங்களில் தொங்கவிடுவது ஐரோப்பியக் கரைகளில் இருந்தது. கத்தலோனியாவின் மாத்தரோ ஊரிலிருந்து வந்த 15ஆம் நூற்றாண்டு மாதிரி ஒன்று இன்று ராட்டர்டாம் கடற்பொருட்காட்சிசாலையில் உள்ளது. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கடற்படை நிர்வாகத்தைச் சார்ந்தோர் அளவு பிசகாத மாதிரிகளைச் செய்வித்து வைத்தனர்.

அவற்றின் பயனை உணர்ந்தவர்களுள் ஒருவர் சாமுவேல் பீப்ஸ். 1660இல் கடற்படை அலுவலகத்தில் உயர்ந்த உத்தியோகத்தில் அமர்ந்தபோது, கப்பலைப் பற்றி அவருக்கு ஏதும் தெரியாது. மரமும் கீலும் சணலும் விற்க வந்த வணிகர்களின் கணக்கைச் சரிபார்க்க அவரால் இயலவில்லை. 1662இல், கப்பல் உத்தியோகஸ்தர் ஒருவரிடம் பெருக்கல் வாய்பாட்டையே புதிதாகக் கற்றார். அவரிடமே, அலுவலகத்தில் இருந்த மாதிரிக் கப்பலைக் கொண்டு, உறுப்புகளையும் கற்றுக்கொண்டார். மாதிரி தமக்குப் பெரிதும் பயன்பட்டதைத் தம் நாட்குறிப்பிலும் எழுதி வைத்தார். பொருளின் பெயரும் பயனும் அறியாதவர் அதன் விலையை அறிய முடியாதல்லவா?

நெப்போலியன் காலத்துப் போர்களில் இங்கிலாந்தில் சிறைப்பட்ட பிரெஞ்சுக் கைதிகளின் மாதிரிகள் வேறு வகையானவை. நார்மன் கிராஸ் முதலிய சிறைகளில், உணவில் எஞ்சிய எலும்பைச் சீவிக் கப்பலின் உடலை அமைத்தனர். மயிரையும் பட்டு நூலையும் கயிறாக்கினர். அவற்றைச் சந்தையில் விற்றுப் பொருள் ஈட்டினர். அவை கண்ணைக் கவர்பவை. ஆயினும் நினைவிலிருந்து செய்தவை. பாய்மரங்கள் வேண்டிய அளவினும் உயர்ந்திருக்கும். கைத்திறனைப் போற்றலாம், அளவைச் சான்றாகக் கொள்ள இயலாது.

இங்கேதான் எச்சரிக்கை தேவைப்படுகிறது. பழைய மாதிரிகளின் கயிறும் கயிறுதானே? அதுவும் நூறு இருநூறு ஆண்டுகளில் இற்றுவிடும். அவ்வாறு இற்றபோது பலவற்றைப் பிற்காலத்தவர் பழுது பார்த்தனர். தம் காலத்துக் கப்பலில் கண்டபடியே கட்டியவர்களும் உண்டு. அழகுக்காக இல்லாத கயிற்றைச் சேர்த்தவர்களும் உண்டு. 17ஆம் நூற்றாண்டு உடலின் மேல் 19ஆம் நூற்றாண்டுக் கயிறு ஏறிவிட்டால், காண்போர் இரண்டையும் ஒரே காலத்தவை என்று நம்பிவிடுகின்றனர். ஏட்டுச் சுவடியில் பாடம் விளங்காத இடத்தில் தம் கருத்தை நுழைத்துவிடும் பிரதி எழுதுவோரின் பிழையை இது ஒத்தது. ஆகவேதான் 1600 முதல் 1720 வரையிலான கயிற்றமைப்பைப் பற்றி 1927இல் நூல் வெளியிட்ட ஆர். சி. ஆண்டர்சன் போன்ற அறிஞர்களுக்கு, ஒரு மாதிரியில் எக்கயிறு முதற்கயிறு, எது பிற்சேர்க்கை என்று பிரித்தறிவது இன்றியமையாத பணியாயிற்று. அறுந்து தொங்கும் பழைய நூல், பளபளக்கும் புதிய நூலைவிட மதிப்புடையது.

மும்பையில் வாழும் நேயர்களுக்கு இதற்கு இசைந்த ஒரு செய்தியைக் கூறலாம். அந்நகரத்துத் துறையில் வாடியா குடும்பத்தைச் சேர்ந்த ஜம்சேத்ஜி பொமன்ஜி தேக்கு மரத்தால் கட்டிய ‘டிரிங்கோமலி’ என்னும் போர்க்கப்பல் 1817இல் நீரில் இறக்கப்பட்டது. நம் இலங்கைச் சோதரர்களின் திருகோணமலையே அப்பெயருக்கு மூலம். இரு நூற்றாண்டுகள் கடந்தும் அத்தேக்கு இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் மிதந்துகொண்டிருக்கிறது. மரம் மும்பையில் இழைத்தது. இன்று அதன் மேலுள்ள கயிறுகளோ பிற்காலத்தில் புதுப்பிக்கப்பட்டவை.

கயிறு போனால் புதிதாகத் திரிக்கலாம். கயிற்றின் பெயர் போனால் என்செய்வது? பாயை மேலேற்றும் கயிற்றை ஆஞ்சான் என்றும், பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றைத் தாமான் என்றும், பாய் தொங்கும் குறுக்குமரத்தைப் பருமல் என்றும் நம் கடலோர மக்கள் வழங்கினர். இச்சொற்கள் தமிழ்ப் பேரகராதியில் உள்ளன. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கேற்றிச் சென்ற பாய்த்தோணிகளில் பொறிகள் பொருத்தப்பட்ட பின்னர், அவற்றை நாள்தோறும் கூவியழைக்கும் வாய்கள் அருகின. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட அடியேன், பாய்மரக் கப்பலைப் பற்றிய ஆங்கில நூல் ஒன்றை வாசிக்கையில், ‘ஒரு கயிறு’, ‘மற்றொரு கயிறு’ என்று மட்டுமே மனத்துக்குள் சொல்லிக்கொண்டு சென்று, பின்னர் அகராதியைத் திறந்து நாணியதுண்டு.

தோணியில் பாயேற்றிய முதியவர் எவரேனும் நேயர்களின் குடும்பத்தில் இருந்தால், விடுமுறைக்கு ஊர் செல்லும்போது ஒரு சிறு தோணியைச் செய்து, கயிறு கட்டித் தரும்படி அவரைக் கேளுங்கள். அவர் கட்டும்போது ஒவ்வொரு கயிற்றின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அறுந்தால், அவர் கட்டியபடியே கட்டி வையுங்கள்.