மூன்று வருடம் கழித்து வரும் கூலி

1932-ல் பைக்காரா மின்சாரம் மலையிறங்கி வந்தது. அதன்பின் கோயம்புத்தூரில் மில் சங்கு கேட்காத திசை இல்லை. உரிமைகள் அவ்வளவு வேகமாக வரவில்லை. 1888-ல் தொடங்கப்பட்ட ஸ்டேன்ஸ் மில்லில் போராடியவர்கள்மீது 1946 டிசம்பர் 11 அன்று போலீஸ் சுட்டதில் 11 பேர் இறந்தார்கள்.

தீபாவளி போனஸும் கேட்டுக் கேட்டுப் பெற்றதுதான். முதலாளியின் மனசைப் பொறுத்த இனாமாகக் கருதப்பட்டதை 1965-ன் போனஸ் சட்டம் உரிமையாக்கியது. இன்று அது குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. சதவீதம் தெரிந்துவிட்டால் வரப்போகும் தொகையை வீட்டிலேயே கணக்குப் போடலாம். ஜவுளிக்கும் கடனுக்கும் முன்கூட்டியே பங்கு பிரிக்கலாம். அந்த நிச்சயம் தரும் நிம்மதி சின்னதல்ல.

அந்த நிச்சயத்தைத்தான் தொண்ணூறுகளின் இறுதியில் பரவிய சுமங்கலித் திட்டம் பறித்தது. தென்மாவட்டக் கிராமங்களின் ஏழைப் பெண்கள் கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளுக்கு அழைத்துவரப்பட்டார்கள். மில் வளாகத்திலேயே ஹாஸ்டல். மூன்று வருடம் முடித்தால் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை மொத்தமாகக் கிடைக்கும், கல்யாணத்துக்கு ஆகும் என்றார்கள். பெரும்பாலும் அது அவர்கள் கூலியிலிருந்தே பிடித்துவைத்த பணம். பரிசு என்ற பெயர் மட்டும் புதிது.

காய்ச்சலில் படுத்தால் நாள் குறையும். இடையில் ஊர் திரும்பினால் மொத்தமும் போகலாம். பக்கத்தில் அதே வேலையைச் செய்யும் நிரந்தரத் தொழிலாளிக்கு மாதச் சம்பளமும் சங்கமும் உண்டு. பயிற்சியாளர் என்று எழுதப்பட்ட இவளுக்கு இரண்டும் இல்லை. நைட் ஷிப்டில் கண் எரிய நூல் முடிச்சுப் போடுகிற பதினாறு வயதுப் பெண், உழைப்பின் பலன் கைக்கு வருமா வராதா என்று தெரியாமல் ஆயிரம் நாள் கழிப்பதை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

1996-ல் சமூகவியலாளர் யோஹன்னஸ் சீக்ரிஸ்ட் இதற்கு ஒரு கோட்பாடு தந்தார். கொடுக்கும் உழைப்புக்கும் கிடைக்கும் கூலி, மதிப்பு, வேலைப் பாதுகாப்புக்கும் பொருத்தமில்லாதபோது உடலும் மனமும் நோகும் என்றார் அவர். பின்வந்த ஆய்வுகள் அதை மனச்சோர்வோடும் இதய நோயோடும் தொடர்புபடுத்தின. கொங்கு மில்களின் ஹாஸ்டல் அறைகளை அவர் பார்த்திருக்க வேண்டியதில்லை. அவர் சொன்னது அங்கே நடந்துகொண்டிருந்தது.

2011-ல் இரண்டு நெதர்லாந்து அமைப்புகள் வெளியிட்ட அறிக்கை, இந்தப் பெண்களின் நிலையை வெளிநாட்டு ஆடை நிறுவனங்களின் மேசைக்குக் கொண்டுபோனது. மொத்தத் தொகை பேசி ஆளெடுப்பது மெல்லக் குறைந்தது. ஹாஸ்டல்கள் மூடப்படவில்லை, இப்போது அங்கே ஒடியாவும் இந்தியும் கேட்கிறது.