பலாவின் வைரத்தில் பல்லியம்

தண்ணீர்மலை வேலவன் திருப்பெயரால் வெளிவரும் இம்மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு விழாக்குழு அன்பர்கள் பணித்தார்கள். மலையின் வரலாறும் தைப்பூசத்தின் பெருமையும் பினாங்குத் தமிழர் அறியாதவை அல்ல. அவற்றை விடுத்து, பூசநாளில் நம் செவி நிறைக்கும் தவிலோசைக்குப் பின்னே நிற்கும் பலா மரத்தைப் பற்றி எழுத விழைந்தேன்.

நக்கீரர் தம் திருமுருகாற்றுப்படையில் முருகனைக் குழலும் கொம்பும் வேறுபல சிறு இசைக்கருவிகளும் உடையவனாகக் காட்டுகிறார். பல்லியம் என்பது அக்கருவிக் கூட்டத்தின் பழம்பெயர். நம் காலப் பல்லியத்தில் வீணை, மிருதங்கம், தவில், கஞ்சிரா நான்குக்கும் பலாவே தாய்மரம். வைரம் பாய்ந்த முதிர்ந்த பலாவைப் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து தேர்ந்து கொணர்வர் தஞ்சை வீணை ஆசாரிகள். குடத்தையும் தண்டியையும் ஒரே கட்டையில் குடைந்தெடுத்தால் அது ஏகாந்த வீணை. தனித்தனியே செய்து இணைத்தால் ஒட்டு வீணை. தஞ்சாவூர் வீணை 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. அதே மரத்தின் வேறொரு துண்டு மிருதங்கமாகி, வலந்தலையில் கிட்டக்கல் பொடியும் சோறும் குழைத்த கரணையை ஏற்கிறது. பருத்த அடித்துண்டு தவிலாகும்; ஒரு சாண் வளையம் போதும், கஞ்சிராவுக்கு. நாகசுரம் மட்டும் ஆச்சா மரத்துக்குரியது. நரசிங்கம்பேட்டைக் கலைஞர்கள் பழைய வீடுகளைப் பிரிக்கையில் கிடைக்கும் உத்திரங்களைத் தேடி வாங்கி அதைக் கடைகிறார்கள்.

மரத்தை வீழ்த்துவதற்கும் நம் முன்னோர் முறை வகுத்தனர். ஆறாம் நூற்றாண்டு வராகமிகிரர், தெய்வப் படிமத்துக்கு மரம் கொள்வதைப் பற்றிப் பிருகத் சம்ஹிதையில் ஓர் அத்தியாயமே எழுதினார். முதல்நாள் இரவு மரத்துக்குப் பூசையிட்டு, அதில் உறையும் உயிர்களை வேறிடம் பெயரும்படி வேண்ட வேண்டும். விடிந்ததும் நீர் தெளித்து, தேனும் நெய்யும் பூசிய கோடரியால் வடகிழக்கில் தொடங்கி வலமாக வெட்ட வேண்டும். எத்தனை முறை படித்தாலும் அந்தத் தேன் பூசிய கோடரி என் கண்ணை நனைக்கிறது. திருஞானசம்பந்தப் பெருமானோ திருக்குற்றாலத்துக்கு ஒரு பதிகம் பாடியதோடு நில்லாமல், அங்குள்ள குறும்பலாவுக்கென்றே தனிப் பதிகமும் அருளினார்.

நம் ஊரில் பர்மா லேனில் 1803 முதல் விளங்கும் தம்மிகாராம பௌத்த ஆலயத்தைக் காணும்போதும் எனக்குப் பலா நினைவே வரும். பர்மா, சயாம் நாடுகளில் பிக்குகளின் ஆடைக்குப் பலா வைரத்தைக் கொதிக்கவைத்து மஞ்சள் சாயம் எடுத்தனர். இசைக்கருவி கடைந்த பின் எஞ்சும் சிராய்க்கும் துறவாடையில் இடமுண்டு.

ஒரே மரத்தைப் பலர் பகிர்ந்து படைப்பது அயல்நாட்டிலும் நடந்ததுண்டு. இங்கிலாந்தில் டாட்டன் பூங்காவில் 1998இல் வீழ்த்திய சுமார் 170 ஆண்டுக் கருவாலி மரம் ஒன்றைப் பல கலைஞர்கள் பகிர்ந்துகொண்டு, விதவிதமான பொருள்கள் படைத்துக் காட்டினார்கள். நம் ஆசாரிகளோ ஒரு மரத்தைப் பல கருவிகளாக்குவதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருபவர்கள்.

பாலேக் பூலாவ் தோட்டங்களில் முதுபலா வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: மரம் சாயும் நாள் வந்தால் அதை விறகாக்காதீர்கள், தச்சரிடம் காட்டுங்கள். பிள்ளைகளைத் தவிலுக்கும் வீணைக்கும் அனுப்புங்கள். ஆலய நந்தவனத்தில் ஒரு பலாக்கன்று ஊன்ற விழாக்குழுவினர் இசைந்தால், முதல் குடம் நீரை நான் சுமந்து வருவேன்.