முள்ளந்தண்டு ஊசியின் வரலாறு

ஒரு நோயும் அதற்கு மருந்து செல்லவேண்டிய வழியும் ஒரே ஆண்டில் அறியப்பட்டன. ஆயினும் அவையிரண்டும் ஒன்றுசேர 125 ஆண்டுகள் சென்றன. முண்ணாண் தசைநலிவு என்னும் பரம்பரை நோயின் வரலாறு இதுவாகும்.

1891 ஆம் ஆண்டில் ஒஸ்திரிய வைத்தியராகிய குயிடோ வேர்ட்னிக், உடன்பிறந்த இரு குழந்தைகளிடம் இந்நோயைக் கண்டு எழுதினார். முண்ணாணிலுள்ள இயக்க நரம்புக்கலங்கள் அழிய, தசைகள் வலியிழந்து மெலிகின்றன, அறிவோ குன்றுவதில்லை. கடுமையான வகையிற் குழந்தை எழுந்திருக்கவும் மாட்டாது. சிகிச்சையில்லாக் காலத்தில் அத்தகைய குழந்தைகளுட் பெரும்பாலானவை மூச்சுத் தளர்ந்து இரண்டு வயதுக்குள் இறந்தன.

அதே 1891 இல், ஜேர்மனியின் கீல் நகரப் பேராசிரியர் ஹைன்றிக் குவிங்கே, இடுப்புப் பகுதியில் இரு முள்ளென்புகளுக்கிடையே ஊசியைச் செலுத்தி, முண்ணாணைச் சூழ்ந்துள்ள தெளிந்த பாய்பொருளை வெளியேற்றும் முறையை அறிவித்தார். தலையில் நீர் கொண்டோரின் அமுக்கத்தைத் தணித்தலே அவர் நோக்கம். முண்ணாண் அவ்விடத்துக்கு மேலேயே முடிந்துவிடுதலால் ஊசி அதனைத் தாக்குவதில்லை. 1898 இல் அந்நகரிலேயே ஒகஸ்ற் பீர், அவ்வழியாற் கொக்கேயினைச் செலுத்தி, உடலின் கீழ்ப்பாகத்து உணர்வை நீக்கிச் சத்திரசிகிச்சை செய்தார். நீர் வெளியேறிய வழி மருந்து உட்புகும் வழியாயிற்று. எனினும் தசைநலிவு நோயாளருக்கு அவ்வழியே அனுப்ப மருந்தொன்றும் இருக்கவில்லை.

1995 இற் பரிசு நகரில் யூடித் மெல்கி குழுவினர், ஐந்தாம் நிறமூர்த்தத்திலே இந்நோய்க்குக் காரணமான பரம்பரையலகைக் கண்டனர். அது பழுதுறினும் அதனையொத்த இரட்டை அலகொன்று அருகே உண்டு. அது ஆக்கும் புரதமோ பெரும்பாலும் குறையுடையது. அவ்விரட்டையின் செய்தியைத் திருத்தி முழுப் புரதத்தை ஆக்குவிப்பதே நுசினெர்சென் என்னும் மருந்து. 2016 திசெம்பரில் ஐக்கிய அமெரிக்கா அதனை ஏற்றது. குருதியிலிட்டால் அம்மருந்து முண்ணாணைச் சென்றடையாது. ஆதலாற் குவிங்கேயின் வழியே வேண்டப்பட்டது. அன்று விதிக்கப்பட்ட அளவு 5 மில்லிலீற்றரில் 12 மில்லிகிராம். முதலிரு மாதங்களில் நான்கு முறை, பின்னர் நான்கு மாதத்துக்கு ஒருமுறை.

இங்கே ஓர் இடர் எழுந்தது. தசை தளர்ந்தோர் பலரின் முள்ளந்தண்டு வளைந்துவிடுகிறது. அதனை நிமிர்த்தப் பொருத்திய உலோகக் கோல்களும் ஒன்றாயிணைந்த என்புகளும் ஊசியின் வழியை அடைக்கின்றன. நெடுங்காலம் மருந்துக்குக் காத்திருந்தோருக்கே அது வந்தபோது வழி அடைபட்டிருந்தது! வைத்தியர்கள் ஊடுகதிர்ப் படத்தின் துணைகொண்டு, முள்ளென்புகளின் பக்கத்துளை வழியாகவும் ஊசியைச் செலுத்தப் பயின்றனர். 2020 இல் வாய்வழி உட்கொள்ளும் றிஸ்டிப்பிலாம் என்னும் மருந்தும் ஏற்கப்பட்டது.

மருந்தைக் காண்டல் வேறு. அது நோயாளியைச் சென்றடைதல் வேறு. முன்னது ஆய்வுகூடத்திலே முடிவது. பின்னதோ ஒவ்வொரு நோயாளியின் உடலிலும் புதிதாய்த் தொடங்குவது.