அறுவைச் சிகிச்சைச் சிறப்புப் பயிற்சியும் மாறிவந்த ஒழுங்குமுறைகளும்: ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதியை முன்வைத்து (2000–2023)

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாட்டில் அறுவைச் சிகிச்சை நிபுணர்களுக்கான பட்டமேற்படிப்பு, அரசு மருத்துவப் பணியோடு பிணைந்தே வளர்ந்தது. 2000ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகளும் அவற்றையொட்டிய தீர்ப்புகளும் 2017இல் அப்பிணைப்பைத் தளர்த்தின. 2020 முதல் அது வேறு வடிவங்களில் மீளத் தொடங்கியது. இம்மாற்றங்களைத் தொழிற்சாலைக் காயங்கள் நேரும் ஒரு நிலப்பகுதியின் தேவையோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அறுவைச் சிகிச்சை, பட்டமேற்படிப்பு, பணியிலுள்ளோர் ஒதுக்கீடு, மாவட்டப் பயிற்சி, ஸ்ரீபெரும்புதூர்.

முன்னுரை

1998இல் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து முதல் கார் வெளிவந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ – நிசான் ஆலையும், 2012இல் டெய்ம்லர் ஆலையும் திறக்கப்பட்டன. அவற்றுக்கு உதிரிபாகம் வழங்கும் சிறு, நடுத்தர ஆலைகளும் சூழ்ந்து பெருகின. தகட்டை அழுத்தி வடிவமைக்கும் பிரஸ் இயந்திரங்கள் இத்தொழிலின் அடிப்படைக் கருவிகள். அவற்றால் நேரும் காயங்களில் விரல் நசுங்குதலும் துண்டாதலும் முதன்மையானவை. சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலை விபத்துகள் இவற்றோடு சேர்கின்றன.

இக்காயங்களுக்குக் காலமே எல்லை. முறையாகக் குளிரில் பாதுகாக்கப்பட்ட விரலைப் பல மணி நேரம் கழித்தும் இணைக்க இயலும். தசை மிகுந்த முன்கை துண்டானால் குளிரூட்டப்படாத நிலையில் ஏறத்தாழ 6 மணி நேரமே கிடைக்கும். ஆகவே எத்தனை நிபுணர்கள் உருவாகிறார்கள் என்பதோடு, அவர்கள் எங்கே பணியாற்றுகிறார்கள் என்பதும் வரலாற்று ஆய்வுக்குரிய வினாவாகிறது.

பணியோடு பிணைந்த பயிற்சி

சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1971இல் மருத்துவர் ரா. வெங்கடசாமி தொடங்கிய கை அறுவைச் சிகிச்சைப் பிரிவு, தொழிலாளர் காயங்களுக்கான சிறப்புச் சிகிச்சையில் ஒரு தொடக்கப்புள்ளி. பொது மருத்துவமனையின் அன்றாடத் தேவையிலிருந்தே ஒரு சிறப்புத் துறை உருவாயிற்று என்பதற்கு அது சான்று.

இத்தகைய துறைகளுக்கு மாணவர்களைச் சேர்க்கும் முறையில் தமிழ்நாடு தனி வழியொன்றைக் கையாண்டது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் மாநிலத்திற்குரிய பட்டமேற்படிப்பு இடங்களில் 50 விழுக்காடு, ஏற்கெனவே அரசுப் பணியிலிருந்த மருத்துவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பணியாற்றிய மருத்துவர், படிப்பை முடித்து அறுவைச் சிகிச்சை நிபுணராக அரசு மருத்துவமனைக்குத் திரும்பினார். ஓய்வுபெறும்வரை பணியாற்றும் உறுதிமொழி இம்முறையின் அச்சாணி.

விதி 9உம் 2017இன் முறிவும்

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2000ஆம் ஆண்டு பட்டமேற்படிப்பு ஒழுங்குமுறைகளில் 9ஆம் விதி சேர்க்கையை நெறிப்படுத்துவது. 2016இல் கவுன்சில் சட்டத்தில் 10டி பிரிவு சேர்க்கப்பட்டு, பொது நுழைவுத் தேர்வு சட்டப்படி கட்டாயமாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில், உத்தரப் பிரதேச வழக்கொன்றில் 9ஆம் விதி தன்னளவில் முழுமையான விதித்தொகுப்பு என உச்ச நீதிமன்றம் கூறியது. அதன்படி பணியிலுள்ளோருக்குப் பட்டயப் படிப்பில் மட்டுமே இடஒதுக்கீடு உண்டு. பட்டமேற்படிப்பில் தொலைதூர, கடினப் பகுதிகளில் ஆற்றிய பணிக்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு வீதம், 30 விழுக்காட்டுக்கு மிகாத ஊக்க மதிப்பெண் மட்டும் வழங்கலாம். 2017இல் சென்னை உயர் நீதிமன்றமும் இதையே தமிழ்நாட்டிற்குப் பொருத்தியது. அரசு மருத்துவர்கள் போராட்டத்தில் இறங்கினர்.

இரு முறைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு கருதத்தக்கது. ஊக்க மதிப்பெண் முன்பு ஆற்றிய பணிக்கான வெகுமதி. பணி உறுதிமொழியோடு கூடிய ஒதுக்கீடு, பின்பு ஆற்றவேண்டிய பணிக்கான பிணை. மேலும், 'தொலைதூரம்' என்னும் அளவுகோலுக்குள் நெடுஞ்சாலையோரத் தொழிற்பகுதி பொருந்துவது அரிது. தொலைவு குறைவாயினும் காயங்களின் தேவை அங்கே மிகுதி.

பின்னர்ப் பட்டய இடங்களைப் பட்ட இடங்களாக மாற்றக் கவுன்சில் அனுமதித்தபோது, எஞ்சியிருந்த ஒதுக்கீடும் பொருளற்றதாயிற்று. எலும்பு முறிவு, மயக்கவியல் பட்டயம் பெற்றோர் மாவட்ட, வட்ட மருத்துவமனைகளின் அறுவை அரங்குகளைத் தாங்கி நின்றவர்கள். மயக்க மருந்து தருவோர் இல்லையெனில் அறுவைச் சிகிச்சையாளர் இருந்தும் பயனில்லை. 2020இல் தேசியத் தேர்வு வாரியம் மயக்கவியல் உட்பட 8 பட்டயப் படிப்புகளைத் தொடங்கியது இவ்வெற்றிடத்தை ஒப்புக்கொண்டதாகவே கொள்ளத்தக்கது.

2020ஆம் ஆண்டுத் தீர்ப்பு

தமிழ்நாடு மருத்துவ அலுவலர் சங்கம் தொடுத்த வழக்கில், 2020 ஆகஸ்ட் 31 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. ஒன்றியப் பட்டியலின் 66ஆம் பதிவு கல்வித் தரத்தை ஒருங்கிணைப்பதற்கும் நிர்ணயிப்பதற்கும் உரியது. பணியிலுள்ளோருக்குத் தனி நுழைவு வழி அமைப்பது பொதுப் பட்டியலின் 25ஆம் பதிவின்கீழ் மாநிலத்திற்கு இயலும் என்பது அதன் சாரம்.

அதனைத் தொடர்ந்து 2020 நவம்பர் 7 அன்று, எம்.சிஎச். உள்ளிட்ட உயர் சிறப்புப் படிப்புகளிலும் 50 விழுக்காடு ஒதுக்கித் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. அவ்வாண்டுச் சேர்க்கைக்கு அது பொருந்தாது என அதே மாதம் உச்ச நீதிமன்றம் கூறியது. 2022 மார்ச்சில்தான் 2021–22 சேர்க்கைக்கு அனுமதி கிடைத்தது. பிளாஸ்டிக் அறுவை, நரம்பியல் அறுவை போன்ற துறைகளில் அரசுப் பணியாளர் நுழையும் வழி இவ்வாறு மாநில அளவில் அமைந்தது.

மாவட்டப் பயிற்சியும் தொழிற்பகுதியும்

2020 செப்டம்பர் திருத்தம், பட்டமேற்படிப்பு மாணவர் ஒவ்வொருவரும் 3 மாதம் மாவட்ட மருத்துவமனையில் பயிற்சி பெற வேண்டும் என்றது. 2023 டிசம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட புதிய ஒழுங்குமுறைகளிலும் இது தொடர்கிறது. மருத்துவமனைக்கான குறைந்தபட்சப் படுக்கை எண்ணிக்கை 100இலிருந்து 50ஆகக் குறைக்கப்பட்டது.

இம்மாற்றம் இத்தொழிற்பகுதிக்குச் சிறப்பாக முக்கியமானது. 1965இல் தொடங்கிய செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி, 2019 நவம்பரில் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது புதிய மாவட்டத்தில் அமைந்தது. ஸ்ரீபெரும்புதூர் அடங்கிய காஞ்சிபுரம் மாவட்டம் அரசு மருத்துவக் கல்லூரி இல்லாததாயிற்று. தண்டலத்தில் சவீதா போன்ற தனியார் கல்லூரிகள் உள்ளன. அத்தகைய கல்லூரிகளின் மாணவர்களும் அரசு மருத்துவமனையில் இப்பயிற்சி பெற வேண்டும்.

எனினும் அறுவைச் சிகிச்சை நூலறிவால் மட்டும் அமைவதன்று. மூத்தவர் கண்காணிப்பில் கை பழக வேண்டிய கலை. மேற்பார்வைக்கு நிபுணர் இல்லாத அரங்கில் மாணவரின் 3 மாதம் வெறும் பணிச்சுமையாக முடியலாம். மேலைநாடுகள் இச்சிக்கலை வேறு வடிவில் கண்டன. அமெரிக்கா 2003இல் வாரத்திற்கு 80 மணி நேரம் எனவும், பிரிட்டன் ஐரோப்பிய விதியின்கீழ் 2009இல் 48 மணி நேரம் எனவும் பயிற்சி மருத்துவரின் வேலை நேரத்தை வரையறுத்தபோது, கைப்பயிற்சி குறையுமோ என்ற வினா எழுந்தது. அங்கே விவாதம் நேரத்தைப் பற்றியது. இங்கே நுழைவையும் இடத்தையும் பற்றியது.

முடிவுரை

ஒழுங்குமுறைகள் தகுதி வரிசையையும் தரத்தையும் சீராக்கின. ஆனால் பயின்றவர் பின்னர் எங்கே நிலைத்துப் பணியாற்றுவார் என்பதை 9ஆம் விதி கருதவில்லை. தமிழ்நாட்டின் ஒதுக்கீட்டு முறை அதனையே மையமாகக் கொண்டது. மாவட்டப் பயிற்சி அந்நோக்கை 3 மாத அளவில் மீட்கிறது. ஆனால் பயிற்சி முடிந்ததும் மாணவர் திரும்பிவிடுகிறார். விரலிழக்கும் தொழிலாளிக்கு அருகிலேயே நிபுணர் கிடைக்க வேண்டுமாயின், மேற்பார்வை செய்யும் நிலையான நிபுணர் பணியிடங்கள் வட்ட மருத்துவமனைகளில் முதலில் அமைய வேண்டும். அவை அமைந்த இடத்தில்தான் பயிற்சியும் பயனுறும்.